மினி டிராக்டர் லோடருக்கு கிராபிள்: வாங்கும் முன் எடைமேடைக்கு ஒரு நடை

நான் முதலில் செய்யச் சொல்லி வாங்கிய கிராபிள் 210 கிலோ. இது எனக்கு எப்போது தெரிந்தது என்றால், அதை மாட்டி ஒரு வாரம் ஓட்டி, ஒருநாள் சாயங்காலம் வரப்போரத்தில் கிடந்த உடைமரக் கட்டையைக் கவ்வித் தூக்கும்போது டிராக்டரின் பின்சக்கரம் ஒரு சாண் எழும்பிய பிறகுதான். மடை பார்த்துக்கொண்டு நின்ற பக்கத்து வயல்காரர், "அண்ணாச்சி, நீங்க கட்டையத் தூக்குதியளா, கட்டை உங்களத் தூக்குதா?" என்று கேட்டார். மறுநாள் காலையில் கிராபிளைக் கழற்றி ட்ரெய்லரில் போட்டு எடைமேடைக்குக் கொண்டுபோனேன். அந்தச் சீட்டு இன்னும் என் டூல் பாக்ஸில் கிடக்கிறது.

இந்தக் குறிப்பு 20 முதல் 30 எச்.பி. வரையுள்ள, நான்கு சக்கரமும் இழுக்கும் மினி டிராக்டரில் முன் லோடர், அதாவது முன்னால் பக்கெட்டோடு பாரம் தூக்கும் கைகள், வைத்திருப்பவர்களுக்கு. குபோட்டா பி2441, மஹிந்திரா ஜீவோ 245 போன்ற 24 எச்.பி. வண்டிகளும் ஜான் டியர் 3028 போன்ற 28 எச்.பி. வண்டிகளும் இந்த வகுப்பில் வரும். 45 எச்.பி. டிராக்டரில் லோடர் போட்டிருப்பவருக்கு இங்கே சொல்லும் கவலைகளில் பாதி கிடையாது. இரண்டு சக்கர இழுவை மினி டிராக்டரில் லோடர் மாட்ட நினைப்பவர் இத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். அந்த முன் அச்சு வண்டியைத் திருப்பத்தான் போட்டது, பாரம் சுமக்க இல்லை.

கிராபிளைப் பார்த்திராதவர்களுக்காக: லோடரின் பக்கெட்டைக் கழற்றிவிட்டு அங்கே மாட்டும் இரும்பு வாய் அது. கீழ்த்தாடை வரிசையாகப் பற்கள். மேல்தாடையை ஹைட்ராலிக் சிலிண்டர் மூடித் திறக்கும். பட்டறைகளில் இந்தச் சிலிண்டரை ஜாக்கி என்றுதான் சொல்வார்கள். ஆலைக்குக் கரும்பு ஏற்றும் வண்டியின் நகத்தைப் பார்த்திருந்தால் அதன் தம்பி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

படி 1: நம் நிலத்தில் எதைக் கவ்வப்போகிறோம்?

கடையில் எல்லா கிராபிளும் எல்லாவற்றையும் கவ்வும் என்பார்கள். நம் திருநெல்வேலிச் சீமையிலேயே பத்து மைலுக்கு ஒரு மண், ஒரு வேலை. ஒரு வருஷத்தில் எந்த வேலைக்கு அதிக மணி நேரம் ஓடும் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். அந்த முதல் வேலைக்குத்தான் கிராபிள். மற்றவை கிடைத்தால் லாபம்.

சீமைக்கருவேலம். எங்கள் பக்கம் பொதுவாக உடைமரம் என்றே சொல்லிவிடுவோம். 2017-ல் உயர்நீதிமன்ற மதுரைக் கிளை அதை அகற்றச் சொல்லி உத்தரவிட்டபோது குளத்தங்கரையெல்லாம் ஜே.சி.பி. சத்தமாகக் கிடந்தது. வெட்டிப்போட்ட முள்கிளையைக் கையால் அள்ளுவதைப் போன்ற கொடுமை வேறு இல்லை. இதற்கு அடிப்பக்கம் திறந்த பல் கிராபிள் அருமையாக ஒத்துவரும். கிளை பின்னிக்கொண்டு நிற்கும், மண்ணும் சருகும் பல்லிடுக்கு வழியாகக் கொட்டிவிடும். கனம் குறைவு, பரப்பளவு அதிகம். ஆகவே வாய் அகலமாகத் திறக்க வேண்டும், வலு அவ்வளவு வேண்டியதில்லை.

ஒன்றை இங்கேயே சொல்லிவிடுகிறேன். இந்த வகையைச் சில கடைகளில் 'ரூட் கிராபிள்' என்று விற்பார்கள். வேர் என்று பேரில் இருப்பதை நம்பி உடைமரத் தூரைப் பிடுங்கப் போகாதீர்கள். ஒற்றைப் பல்லைத் தூரின் கீழே கொடுத்து நெம்பினால் லோடரின் ஒரு கைக்கு மட்டும் முழு முறுக்கும் போகும். பல் வளைந்தால் நிமிர்த்தலாம், லோடர் கை முறுகினால் முடிந்தது கதை. தூர் தோண்ட ஜே.சி.பி.யை இரண்டு மணி நேரம் வாடகைக்குக் கூப்பிடுங்கள். தோண்டிப்போட்டதைப் பொறுக்கி ஓரம்கட்ட நம் வண்டி போதும்.

வாழை. சேரன்மகாதேவி, வீரவநல்லூர் வட்டாரத்தில் கன்னடியன் கால்வாய்ப் பாசனமாகட்டும், களக்காடு, ஏர்வாடிப் பக்கமாகட்டும், தார் வெட்டிய பிறகு நிற்கும் வாழைமரம்தான் பெரிய தலைவலி. சித்திரை, வைகாசியில் ஒரு சூறைக்காற்று அடித்தால் குலையோடு சாய்ந்த மரம் வேறு. வாழைமரத்தில் பத்தில் ஒன்பது பங்கு தண்ணீர். பார்க்க மெத்தென்று இருக்கும், தூக்கினால் கனம் தெரியும், சாறு பட்டு வழுக்கவும் செய்யும். இதற்குக் கீழ்ப்பல் நீளமாக இருந்தால் நல்லது. மேல்தாடையின் நுனி கூராக இருந்தால் தண்டில் இறங்கிப் பிடித்துக்கொள்ளும், தண்டு நசுங்குவதைப் பற்றி யாருக்கும் கவலையில்லை. வரிசைக்கு வரிசை ஆறடி விட்டு நட்ட தோட்டம் என்றால் கிராபிளின் அகலமும் வண்டியின் அகலத்தைத் தாண்டக் கூடாது. அடுத்த வரிசையில் பக்கக்கன்று நிற்கும் என்பதை மறக்க வேண்டாம்.

கல். ராதாபுரம், வள்ளியூர், நாங்குநேரிப் பக்கம் புதிதாக நிலம் திருத்துகிறவர்களுக்கு இதுதான் முதல் வேலை. கண்ணால் பார்த்துக் கல்லின் எடையை மதிப்பிடுவது ஏமாற்று வேலை. கருங்கல் ஒரு கன மீட்டர் ஏறத்தாழ 2,650 கிலோ. 50 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள உருண்டைக்கல் 173 கிலோ வரும். அதே கல் 60 சென்டிமீட்டர் ஆனால் 300 கிலோ. ஒரு சாணைவிடக் குறைவாகத்தான் வளர்ந்திருக்கிறது, கனம் முக்கால் பங்கு கூடிவிட்டது. கல்லுக்குப் பல் இடைவெளி நெருக்கமாக இருக்கும் சல்லடைமாதிரி பக்கெட்டும், அதன்மேல் ஒரு நகமும் உள்ள வகைதான் பொருத்தம். உடைமரத்துக்கு வாங்கிய அகலப் பல்லில் சிறு கல்லெல்லாம் நழுவி ஓடும்.

எரு. மாட்டுக்கொட்டில், மண்புழு உரம், குப்பைக்குழி என்று ஓடுகிறவருக்கு அடி மூடிய பக்கெட்டின் மேல் நகம் வைத்த வகை வேண்டும். இதுதான் எல்லாவற்றிலும் கனமானது. ஆகவே மினி டிராக்டருக்கு ரொம்ப யோசித்து வாங்க வேண்டியதும் இதுதான்.

தென்னை மட்டை, பனையோலை, வைக்கோல் உருளை எல்லாம் இலேசு, பல் கிராபிளே போதும். பனை அடிமரத்தை முழுசாகத் தூக்கும் ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள், இந்த வகுப்பு வண்டிக்கு அது ஆகாது. தவிர, பனையை வெட்டவே மாவட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்று 2021 வேளாண் பட்ஜெட்டில் அறிவித்திருக்கிறார்கள். தானாக விழுந்த மரத்தைத் துண்டுபோட்டுத் தூக்குங்கள்.

2023 டிசம்பர் வெள்ளத்துக்குப் பிறகு தாமிரபரணிக் கரை வயல்களில் வந்து ஒதுங்கியதை நினைத்துப் பாருங்கள்: வேரோடு வந்த மரம், பிளாஸ்டிக் பைப், கம்பிவேலி, வாழை, வண்டல் எல்லாம் ஒன்றாகக் கட்டியிருந்தது. எதற்கு எந்த கிராபிள் என்ற வகைப்பாடெல்லாம் அன்றைக்குச் செல்லவில்லை. ஆனால் அன்று எனக்குக் கைகொடுத்ததும் பல் கிராபிள்தான். வண்டல் கீழே கொட்டிவிட்டதால் தூக்க வேண்டிய கனம் குறைந்தது. ஒன்றுதான் வாங்க முடியும் என்பவருக்கு நான் இதைத்தான் சொல்வேன்.

படி 2: லோடரின் நிஜ வலுவைக் கண்டுபிடித்தல்

டிராக்டர் விளம்பரத்தில் '750 கிலோ தூக்கும்' என்று போட்டிருக்கும். அது பின்னால் கலப்பை, ரோட்டவேட்டர் மாட்டும் மூன்று கம்பி இணைப்பான த்ரீ பாயிண்ட் லிங்கேஜின் கணக்கு. முன் லோடருக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இதைக் குழப்பிக்கொண்டு ஏமாந்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

லோடர் விற்றவரிடம் மூன்று கேள்வி கேளுங்கள். சொல்லும் எடை எந்த இடத்தில் அளந்தது, பக்கெட்டை லோடர் கையோடு பூட்டும் இரும்பு ஆணியான 'பின்'னிலா, அதற்கு அரை மீட்டர் முன்னாலா? தரைமட்டத்திலா, முழு உயரத்திலா? பக்கெட்டின் எடை அதில் கழிந்ததா, கழியவில்லையா? பெரும்பாலும் பெரிதாகத் தெரியும் எண்ணைத்தான் நோட்டீஸில் போடுவார்கள். அதாவது பின்னில், தரையோடு, பக்கெட் இல்லாமல்.

பதில் வரவில்லை என்றால் நாமே பார்த்துவிடலாம். டி.ஏ.பி. மூட்டை 50 கிலோ, சிமெண்ட் மூட்டை 50 கிலோ. யூரியா மூட்டை 2018 முதல் 45 கிலோ என்பதை மறந்துவிட்டு 50 என்று எண்ணிவிடாதீர்கள். பின்னால் ரோட்டவேட்டரோ வேறு பாரமோ மாட்டி, சமதரையில் நிறுத்தி, பக்கெட்டில் மூட்டையை ஒவ்வொன்றாக அடுக்கித் தூக்கிப் பாருங்கள். எஞ்சின் பாதி வேகத்துக்கு மேல் இருக்கட்டும். தரையிலிருந்து ஒரு முழ உயரம் மட்டும் போதும், ஆகாசத்துக்குத் தூக்கிச் சோதனை செய்யாதீர்கள். வால்வு கீச்சென்று கத்தி, கை எழும்ப மறுக்கும் இடம் லோடரின் எல்லை. கை எழும்பிக்கொண்டே இருக்கும்போது பின்சக்கரம் இலேசானால் அது வண்டியின் எல்லை. இரண்டும் வேறு வேறு. எனக்கு அன்று சாயங்காலம் நடந்தது இரண்டாவது.

படி 3: ஒரு சின்னக் கணக்கு

தராசுத் தத்துவம்தான், பயப்பட ஒன்றுமில்லை. லோடர் கை டிராக்டரில் பூட்டிய மேல் மூட்டிலிருந்து பக்கெட் பின் வரை டேப் வைத்து அளந்துகொள்ளுங்கள். என் வண்டியில் 1.8 மீட்டர். பின்னில் தூக்கும் வலு 450 கிலோ. இரண்டையும் பெருக்கினால் 810. இதுதான் நம் கையிருப்பு. இனி ஒவ்வொன்றாகச் செலவு.

கிராபிளின் கனம் பின்னிலிருந்து ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் முன்னால் நிற்கும். ஆக மூட்டிலிருந்து 2.1 மீட்டர். என் பழைய 210 கிலோவை 2.1-ஆல் பெருக்கினால் 441. மிச்சம் 369. தூக்கும் பாரமோ இன்னும் முன்னால், 2.4 மீட்டரில் இருக்கும். 369-ஐ 2.4-ஆல் வகுத்தால் 154 கிலோ. நோட்டீஸில் 450 என்று பார்த்து வாங்கிய லோடர், வயலில் மூன்று டி.ஏ.பி. மூட்டையோடு நின்றுவிட்டது!

அதே லோடரில் 110 கிலோ கிராபிள் மாட்டினால்? செலவு 231. மிச்சம் 579. பாரம் 241 கிலோ. இரும்பில் 100 கிலோ குறைத்ததற்கு, தூக்கும் சரக்கில் 87 கிலோ கூடுகிறது. மேலே சொன்ன 50 சென்டிமீட்டர் கல்லை இது தூக்கும், அது தூக்காது.

இது தோராயம்தான். கை உயர உயர கோணம் மாறும், ட்ரெய்லர் பலகை உயரத்துக்குப் போகும்போது வலு இன்னும் குறையும். அதனால் வரும் விடையில் கால் பங்கைத் தள்ளிவிட்டு மிச்சத்தை நம்புங்கள். ட்ரெய்லரில் ஏற்றப்போகிறவர் கிராபிள் வாய் திறந்த நிலையில் பலகையைத் தாண்டுமா என்பதையும் அளந்து பார்க்க வேண்டும்.

விடை உங்கள் வேலைக்குப் போதவில்லை என்றால் இங்கேயே நிறுத்திவிடலாம். வருஷத்துக்கு நாலு நாள் வேலைக்கு வாடகை வண்டிதான் மலிவு. வேளாண்மைப் பொறியியல் துறையும் நிலம் திருத்த வண்டிகளை வாடகைக்கு விடுகிறது, உழவன் செயலியில் பார்க்கலாம்.

படி 4: எண்ணெய் எங்கிருந்து வரும்?

வாங்கிக்கொண்டு வந்த பிறகு பெரும்பாலோர் மாட்டிக்கொள்ளும் இடம் இது. கிராபிளின் மேல்தாடை மூட ஒரு எண்ணெய் வழி, திறக்க ஒரு எண்ணெய் வழி, ஆக இரண்டு ஹோஸ் வேண்டும். மினி டிராக்டரில் ட்ரெய்லர் டிப்பிங்குக்காக ஒற்றை பைப் இருக்கும். அது தள்ளும், இழுக்காது. ட்ரெய்லர் தன் கனத்தால் தானே இறங்கிவிடும் என்பதால் அதற்கு ஒன்று போதும். கிராபிளுக்கு அது உதவாது. 'பைப் இருக்குல்லா அண்ணாச்சி, மாட்டிருவோம்' என்று சொல்லும் மெக்கானிக்கிடம் இதை நிதானமாக எடுத்துச் சொல்லுங்கள்.

லோடருக்கே இரண்டு வால்வு போய்விடும், கை ஏற்றி இறக்க ஒன்று, பக்கெட்டைக் கவிழ்க்க ஒன்று. மூன்றாவதை எப்படிக் கொண்டுவருவது? மூன்று வழி உண்டு.

முதல் வழி, டிராக்டரின் பின்பக்கம் இரட்டை வழி வால்வு ஒன்று சும்மா இருந்தால் அதிலிருந்து ஹோஸை முன்னால் இழுத்து வருவது. மலிவு. ஆனால் லோடர் லீவரை வலது கை பிடித்திருக்க, பின் வால்வு லீவருக்கு இன்னொரு கை போக வேண்டும், ஸ்டியரிங்கை யார் பிடிப்பது? சமதரையில், நின்ற இடத்தில் வேலை என்றால் சமாளிக்கலாம்.

இரண்டாவது வழி டைவர்ட்டர் வால்வு. பக்கெட் கவிழ்க்கும் எண்ணெய் வழியில் மின்சார வால்வு ஒன்றைப் பூட்டி, லீவர் தலையில் பொத்தான் வைப்பார்கள். பொத்தானை அழுத்தினால் அந்த எண்ணெய் கிராபிளுக்குப் போகும், விட்டால் பழையபடி கவிழ்க்கும் வேலைக்குப் போகும். குறை ஒன்றுதான்: கவ்விக்கொண்டே கவிழ்க்க முடியாது. இந்த வகுப்பு வண்டிக்கு என் ஓட்டு இதற்குத்தான். ஒரு வாரத்தில் கை பழகிவிடும்.

மூன்றாவது, பம்பிலிருந்து வரும் வழியில் தனியாக மூன்றாவது வால்வு போடுவது. எல்லா வேலையும் ஒரே சமயத்தில் நடக்கும். செலவும் கூட, எண்ணெய்வழியைத் தப்பாக இணைத்தால் பம்புக்கே கேடு. ஹைட்ராலிக் தெரிந்த ஆள் கிடைத்தால் மட்டும் செய்யுங்கள்.

எந்த வழியானாலும் சிலிண்டருக்குப் பக்கத்தில் பூட்டு வால்வு ஒன்று கேளுங்கள். பைலட் செக் வால்வு என்று கேட்டால் கொடுப்பார்கள். ஹோஸ் வெடித்தாலும் வாய் திறந்துகொள்ளாது. மேட்டு வரப்பில் கட்டையைக் கவ்விக்கொண்டு நிற்கும்போது இதன் அருமை தெரியும்.

சிலிண்டர் எவ்வளவு பெரிது வேண்டும்? பெரிதாகக் கேட்கத்தான் எல்லோருக்கும் ஆசை. 50 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள சிலிண்டர் 160 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 3.2 டன் தள்ளும். சிலிண்டர் மேல்தாடையை மூட்டுக்குப் பக்கத்தில் பிடித்துத் தள்ளுவதால் நுனிக்கு வரும்போது ஐந்தில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்று வைத்தாலும் 640 கிலோ. 241 கிலோ தூக்கும் வண்டிக்கு இதுவே தாராளம். 40 மில்லிமீட்டர் சிலிண்டர் 2 டன் தள்ளும், நுனியில் 400 கிலோ. அதுவும் போதும். இதற்கு மேல் பெரிதானால் கவ்வுகிற பொருளுக்கு முன் மேல்தாடைதான் வளையும்.

வேகமும் பாருங்கள். 50 மில்லிமீட்டர் சிலிண்டர் 200 மில்லிமீட்டர் நீள ஓட்டத்துக்கு 0.4 லிட்டர் எண்ணெய் குடிக்கும். இரண்டு சிலிண்டர் என்றால் 0.8 லிட்டர். நிமிஷத்துக்கு 20 லிட்டர் கிடைத்தால் இரண்டரை வினாடிக்குள் மூடும். எஞ்சினை மெதுவேகத்தில் விட்டால் இந்த நேரம் இரட்டிப்பாகும், அப்போது 'கிராபிள் மந்தமாயிருக்கு' என்று விற்றவரைத் திட்டுவதில் நியாயமில்லை.

படி 5: வாய், பல், கை

மேல்தாடை ஒன்றா இரண்டா என்பதில்தான் வாங்குகிறவர்கள் அதிக நேரம் யோசிக்கிறார்கள். இரண்டு தனித்தனிக் கை இருந்தால் ஒரு பக்கம் தடிமனான கட்டையும் மறுபக்கம் கிளையும் கிடந்தாலும் இரண்டும் தனித்தனியே இறங்கிப் பிடிக்கும். அழகுதான். ஆனால் இரண்டு கை என்றால் இரண்டு சிலிண்டர், நாலு ஹோஸ், எட்டு பின். மேலே போட்ட கணக்கில் இதெல்லாம் பாரத்திலிருந்துதான் கழியும். 30 எச்.பி.க்குக் கீழே நடுவில் ஒற்றைக் கை, அதன் நுனியை அகலப்படுத்தியிருந்தால் போதும்.

அகலம் 120 சென்டிமீட்டருக்கு மேல் எனக்குத் தேவைப்பட்டதில்லை. பக்கெட் என்றால் டயர்த்தடத்தை மூட வேண்டும், கிராபிளுக்கு அந்தக் கட்டாயம் கிடையாது. அகலமானால் ஓரத்தில் ஒற்றைப் பல் மாட்டி லோடரை முறுக்குவதும் அதிகம்.

பல் இடைவெளி உடைமரத்துக்கும் வாழைக்கும் 15 முதல் 20 சென்டிமீட்டர், கல்லுக்கு அதில் பாதி. வாய் திறப்பு எவ்வளவு கிடைத்தாலும் நல்லதே. முள்குவியலில் வாய் சிறிதாக இருந்தால் குவியலின் தலையை மட்டும் கிள்ளிக்கொண்டு வரும், மீதி அங்கேயே கிடக்கும்.

படி 6: எப்படி மாட்டுவது

நம் ஊரில் ஓடும் லோடர்கள் ஒவ்வொன்றும் ஒரு பின் அளவு. பின்னின் குறுக்களவு, பின் நுழையும் இரண்டு காதுகளுக்கு நடு அகலம், மேல் பின்னுக்கும் கீழ் பின்னுக்கும் இடைத்தூரம் மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள், ஃபோட்டோ போதாது. கருவியைச் சட்டென்று கழற்றி மாட்ட உதவும் குயிக் ஹிட்ச் சட்டம் போட்டால் ஐந்து நிமிஷத்தில் மாற்றலாம். ஆனால் அது தன் கனத்தையும் சேர்த்து, சரக்கையும் சில அங்குலம் முன்னால் தள்ளும். வாரத்துக்கு ஒருமுறை மாற்றுகிறவர் பின்னிலேயே நேராக மாட்டிக்கொள்ளலாம்.

படி 7: பட்டறையில் செய்யச் சொல்லும்போது

ரெடிமேடாக இந்த வகுப்புக்கென்று செய்தது கிடைத்தால் எடைச்சீட்டைப் பார்த்து வாங்கிவிடலாம். பெரும்பாலும் நாம் பட்டறைக்குத்தான் போவோம். நம் மேஸ்திரிகளுக்குக் கைவேலையில் குறை சொல்ல முடியாது. 'ஒடையக் கூடாது' என்ற ஒரே எண்ணத்தில் எதையும் 12 மில்லிமீட்டர் தகட்டில் அடித்துவிடுவதுதான் அவர்களுடைய வழக்கம். எனக்குச் செய்த மேஸ்திரியும் அப்படித்தான் செய்தார், தப்பு அவருடையது என்று சொல்ல மாட்டேன். எத்தனை கிலோவுக்குள் வேண்டும் என்று நான் சொல்லவே இல்லையே.

ஆகவே முதல் வாக்கியமே எடையாக இருக்கட்டும்: "அண்ணாச்சி, 115 கிலோவுக்கு மேல போனா எடுக்க மாட்டேன்." பிறகு மற்றது. சாதாரண இரும்புத் தகடு இ250 தரம். அதே தடிமனில் இ350 தரம் ஐந்தில் இரண்டு பங்கு கூடுதல் வலு. இ350 கிடைத்தால் 8 மில்லிமீட்டர் பல், அதில் குறுக்கே மடிப்போ விலாவோ வைத்தால் போதும். தகட்டின் தடிமனைவிட வடிவம் முக்கியம். பல்லின் அடிவேரில், குறுக்குக் குழாயோடு சேரும் இடத்தில்தான் விரிசல் விடும். அங்கே மட்டும் முக்கோண ஒட்டுத் தகடு போடச் சொல்லுங்கள். வெல்டிங்கைப் பல்லின் ஓரத்தில் கொண்டுபோய் முடிக்காமல் சுற்றி வளைத்து முடிக்க வேண்டும்.

பின்கள் இஎன்8 என்ற எஃகு ராடில் கடைந்து, துளைக்குள் புஷ் என்னும் உள்குழாய் போட்டு, கிரீஸ் நிப்பிள் வைத்திருக்க வேண்டும். துளையில் நேராகப் பின்னைச் சொருகிவிட்டால் ஒரு வாழைப் பருவத்துக்குள் துளை நீள்வட்டமாகிவிடும். சிலிண்டர் ராடும் ஹோஸும் மேல்தாடைக்கு உட்புறமாக, கிளை உரசாத இடத்தில் வரட்டும். ஹோஸுக்கு மேல் துணி உறை போடுங்கள். வெயிலுக்கும் முள்ளுக்கும் அதுதான் காவல்.

கிராபிளுக்குப் பின்னால், ரேடியேட்டர் முகத்துக்கு நேராகக் கம்பி வலை ஒன்று வைக்கச் சொல்லுங்கள். கவ்விய கிளையின் பின்நுனி நேராக எங்கே வந்து குத்தும் என்று யோசித்தால் ஏன் என்று விளங்கும்.

படி 8: பின்பாரம்

பின்னால் ஒன்றும் மாட்டாமல் கிராபிள் ஓட்டக் கூடாது. மினி ரோட்டவேட்டர் இருந்தால் அதுவே போதுமானதாக இருக்கும், ஆனால் தோட்டத்துக்குள் திரும்ப இடைஞ்சல். 200 லிட்டர் பேரலைப் பாதியாக வெட்டி, கீழ்க்கம்பிகளுக்கு ஒரு குறுக்கு ராடு வைத்து, கான்கிரீட் நிரப்பினால் 240 கிலோ கிடைக்கும். முழுப் பேரலையும் நிரப்பினால் 480 கிலோ, இந்த வண்டிக்கு அது அதிகம். பின் டயரில் முக்கால் பங்கு தண்ணீர் அடைப்பது இன்னொரு நல்ல வழி. இது லிங்கேஜுக்குப் பாரம் ஏற்றாது.

நான் என்ன செய்தேன் என்றால், அந்தப் பழைய 210 கிலோவுக்கு மூன்று காது பற்றவைத்துப் பின்னால் மாட்டிக்கொண்டேன். முன்னால் 110 கிலோ கிராபிள், பின்னால் 210 கிலோ கிராபிள். பார்க்கிறவர்கள் சிரிக்கத்தான் செய்கிறார்கள்.

எடைமேடைக்குப் போன கையோடு முன்சக்கரத்தை மட்டும் மேடையில் ஏற்றி, கிராபிளில் பாரத்தோடு ஒரு சீட்டு எடுங்கள். கையேட்டில் முன் அச்சு தாங்கும் எடை போட்டிருக்கும். அதைத் தாண்டினால் பாரத்தைக் குறையுங்கள், பின்பாரத்தைக் கூட்டினால் முன் அச்சு காப்பாற்றப்படும் என்று நினைத்து மேலும் மேலும் தூக்காதீர்கள்.

முன் டயர் முள்ளில் மாட்டாமல் இருக்காது. பஞ்சர் அடைக்கும் திரவத்தை முதல்நாளே ஊற்றிவிடுங்கள்.

படி 9: காசு கொடுக்கும் முன்

பட்டறை வாசலில் காற்றில் திறந்து மூடிக் காட்டுவதைப் பார்த்துத் தலையாட்டிவிட்டு வராதீர்கள். வயலுக்குக் கொண்டுபோய், நம் குவியலில், நம் கட்டையில் அரைநாள் ஓட்டிப் பார்க்க ஒத்துக்கொண்டால்தான் பாக்கிப் பணம்.

அந்த அரைநாளில் என்ன பார்ப்பது? கட்டையைக் கவ்வி, கையை ஒரு முழம் உயர்த்தி, எஞ்சினை நிறுத்திப் பத்து நிமிஷம் நில்லுங்கள். வாய் மெல்லத் திறந்தால் சிலிண்டர் சீலோ பூட்டு வால்வோ சரியில்லை. கிராபிளை முழுசாகக் கவிழ்த்தும் நிமிர்த்தும், வாயைத் திறந்தும் மூடியும், ஹோஸ் எங்கேயாவது இழுபடுகிறதா, நசுங்குகிறதா என்று இன்னொருவரைக் கொண்டு பார்க்கச் சொல்லுங்கள். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்க வேண்டாம். ஊசிமுனைக் கசிவு தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், அப்படி ஆனால் வலி இல்லாவிட்டாலும் உடனே ஆஸ்பத்திரி. அட்டைத் துண்டை நீட்டிப் பாருங்கள்.

வாயில் பாரத்தோடு நகரும்போது முழங்கால் உயரத்துக்கு மேல் வேண்டாம். சரிவில் பக்கவாட்டில் போகாமல் நேராக ஏறி இறங்குங்கள். வண்டி உருண்டால் ஓட்டுகிறவரைக் காக்கும் இரும்புச் சட்டம் உள்ள வண்டி என்றால் அதை நிமிர்த்தி, சீட் பெல்ட்டும் போட்டுக்கொள்ளுங்கள். பம்ப் செட் கரண்ட் கம்பி நம் தோட்டங்களில் எவ்வளவு தாழத் தொங்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. கவ்விய கிளை கிராபிளைவிட ஒரு ஆள் உயரம் மேலே நீட்டிக்கொண்டிருக்கும், கண் அங்கே இருக்க வேண்டும். மாதக்கணக்கில் கிடந்த முள்குவியல் என்றால் முதலில் கிராபிளால் ஒரு தட்டுத் தட்டி, சற்று நேரம் விட்டுப் பிறகு அள்ளுங்கள். கண்ணாடி விரியனுக்கு அது மாளிகை.

முதல் பத்து மணி நேரம் ஓடியதும் எல்லா நட்டு போல்ட்டையும் ஒரு சுற்று முறுக்கி, பல்லின் அடிவேரைத் துடைத்து விரிசல் கோடு இருக்கிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். தலைமுடி கனத்தில் ஒரு கோடு தெரிந்தாலும் மேஸ்திரி ஞாபகத்தில் நாம் இருக்கும்போதே கொண்டுபோய்க் காட்டிவிடுவது நல்லது. பொங்கல் கழிந்தால் பிசான நெல் அறுப்பு தொடங்கிவிடும், பட்டறையில் வண்டி நிறுத்தக்கூட இடம் கிடைக்காது.